டெபியனில் செயலி தானாக மூடிக்கொண்டால் பிழையை எப்படித் தெரிவிப்பது?

அண்மைய மேம்படுத்தலுக்குப் பிறகு ஒரு செயலி திறந்தவுடனேயே மூடிக்கொள்கிறது என்றும், அதை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்குவோருக்கு எவ்வாறு தெரிவிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் அதே செயலியை இயக்கிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இயங்கினால், கோளாறு பெரும்பாலும் உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவில் தங்கிவிட்ட பழைய அமைப்புகளில்தான் இருக்கும்.

அங்கும் மூடிக்கொண்டால், கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலிலிருந்து செயலியை இயக்கி, கடைசியாக வரும் வரிகளை அப்படியே நகலெடுத்து வையுங்கள். 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (நினைவக அணுகல் பிழை) என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, டெபியனில் அந்தச் செயலியைக் கவனிக்கும் பராமரிப்பாளரால் எதுவும் செய்ய முடியாது; பிழைகளை ஆராயும் ஜிடிபி கருவியின் வழியாக பேக்ட்ரேஸ் (நிரல் நின்ற இடம்வரையிலான அழைப்புகளின் வரிசை) எடுத்து இணைத்தால்தான், நிரலின் எந்தப் பகுதியில் அது நின்றுபோனது என்பது அவருக்குத் தெரியவரும். மென்பொருள்களை நிறுவி மேம்படுத்தும் கருவியான ஆப்ட்டின் ஹிஸ்டரி பதிவுக் கோப்பைத் திறந்து, அன்றைய மேம்படுத்தலில் எந்தெந்த மென்பொருள் தொகுப்புகள் எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறின என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில், பலரும் தவறவிடும் மிகப் பயனுள்ள தடயம் இதுவே.

பின்னர் டெபியனுக்குப் பிழை அறிக்கை அனுப்ப உதவும் ரிப்போர்ட்பக் கருவியை இயக்குங்கள். அது ஏற்கெனவே பதிவான பிழைகளைக் காட்டும். தொகுப்பின் பதிப்பு, கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), சார்புத் தொகுப்புகள் ஆகியவற்றின் விவரங்களைத் தானே சேர்த்துக்கொள்ளும். கடுமை நிலையைக் கேட்கும்போது 'கிரேவ்' என்பதை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள்; தொகுப்பே பயன்படாமல் போவதற்கும் தரவு இழப்புக்கும் உரிய நிலை அது. அறிக்கை பொதுவெளியில் நிலைத்திருக்கும் என்பதால், அனுப்புவதற்கு முன் பதிவு வரிகளில் கடவுச்சொல் ஏதும் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.