வீட்டை விற்பதற்கு முன்

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் தளத்தைப் பல வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 67 வயது. கணவர் போய் மூன்று வருடமாகிறது. மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன், படுக்கையறை மேலே. முழங்கால் வலி வந்ததிலிருந்து படியேறுவதென்றாலே பயமாக இருக்கிறது. மகன், "வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடும்மா, அந்தப் பணத்தையும் போட்டுப் பெரிய வீடாக வாங்கிவிடலாம்" என்கிறான். நல்ல பையன்தான், மருமகளையும் குறை சொல்வதற்கில்லை. மகள் தூரத்தில் இருக்கிறாள், ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருக்கச் சொல்கிறாள். கூட வேலை பார்த்த தோழிகள் மூன்று பேர், எல்லோரும் இப்போது தனி ஆட்கள், நாலு பேரும் சேர்ந்து ஒரு வீடு எடுத்துவிடலாம் என்று வாட்ஸப்பில் தினமும் பேசுகிறார்கள். போதாததற்கு ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்பு ஒன்றின் விளம்பரப் புத்தகம் மேசையில் கிடக்கிறது. அதில் எல்லோரும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது, யார் தயவிலும் இருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கேட்பது பேராசையா? அடுத்த மாதம் மகன் வருகிறான், அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள 'பெயர் வேண்டாம்' அவர்களுக்கு,

பேராசையே இல்லை. ஆனால் நாலு இடங்களை வரிசையாக வைத்து இதில் எது சரி என்று கேட்கிறீர்கள், நான் முதலில் இடத்தைப் பார்க்க மாட்டேன். அங்கே ஒத்துவரவில்லை என்றால் கிளம்பி வர உங்களால் முடியுமா என்றுதான் பார்ப்பேன். கையில் பணம், பெயரில் சொத்து, திரும்பிப் போக ஒரு வாசல், இவை இருக்கும்வரை எந்த இடத்தையும் துணிந்து முயன்று பார்க்கலாம். உங்கள் மகனின் திட்டத்தில் என் கண்ணை உறுத்தியது அவரும் இல்லை, மருமகளும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே வீட்டை விற்பது என்று இருக்கிறதே, அதுதான்.

இது ஏன் பெண்களின் பிரச்சினையாக வந்து நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம்மில் பலர் இதைத் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உலகம் முழுக்கச் சராசரியாகப் பெண்கள் ஆண்களைவிட ஐந்து வருடம் கூடுதலாக வாழ்கிறார்கள், அதோடு பெரும்பாலும் தங்களைவிட வயதில் மூத்தவரைக் கட்டிக்கொள்கிறார்கள். அதனால் பல கணவர்களுக்குக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ள மனைவி இருக்கிறாள், அவளுடைய முறை வரும்போது அந்த இடம் காலி. சம்பளம் குறைவு, பிள்ளைக்காக வேலையை விட்ட வருடங்கள் அதிகம், அதனால் ஓய்வூதியமும் குறைவு, வீடும் பல சமயம் வேறு யார் பெயரிலோ இருக்கும். உங்கள் வீடு உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், இந்தக் கடிதத்தை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அந்த வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.

சரி, இருக்கிற வீட்டிலேயே இருப்பது. நீங்கள் இதை ஒரு வழியாகவே எண்ணவில்லை, உங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை. ஏன்? படிதான் தடை என்றால் கட்டிலைக் கீழே இறக்கிவிட்டால் போயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருடத்துக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து சாகிறார்கள், அதில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்வதால் நமக்கு விழுந்தால் முறிவது இன்னும் எளிது. ஆகவே குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி வேண்டும், துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது விழுவதற்குப் போடும் திட்டம். படுக்கையிலிருந்து கழிப்பறை வரைக்கும் ராத்திரி வெளிச்சம் இருக்கட்டும், வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள், குமிழ் மாதிரி இருக்கும் கதவுக் கைப்பிடிகளை அழுத்தித் திறக்கும் நீளக் கைப்பிடிகளாக மாற்றுங்கள். சக்கர நாற்காலி நுழையக் கதவுத் திறப்பு சுமார் 80 செ.மீ. வேண்டும், திரும்புவதற்குத் தரையில் ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். வாசல் ஓர் அடி உயரம் என்றால் சரிவுப் பாதை பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும், அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், உட்கார்ந்திருப்பவருக்கு உயிர் போகும். இதையெல்லாம் நடமாட்டம் நன்றாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கொத்தனாரைத் தேட முடியாது.

கம்பி போட்டால் தனிமை போய்விடுமா என்று கேட்பீர்கள். போகாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் பீக்கன் ஹில் பகுதியில் வயதானவர்கள் கூடி, அவரவர் வீட்டைவிட்டு யாரும் எங்கும் போவதில்லை, ஆனால் தேவைகளைச் சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்று 2002இல் ஒரு சங்கமாகத் தொடங்கினார்கள். வருட சந்தா கட்டினால் டாக்டரிடம் கூட்டிப்போக ஆள், நம்பிக்கையான குழாய் ரிப்பேர்காரர், ஒன்றாகச் சாப்பிட, பேச ஒரு கூட்டம் எல்லாம் கிடைக்கும். அந்த மாதிரி பிற ஊர்களிலும் பரவியது. ஆபீஸ், சந்தா எதுவும் இல்லாமலேயே நம் தெருவில் இதில் கால்வாசியைச் செய்யலாம். காலை எட்டு மணிக்குள் செய்தி வரவில்லை என்றால் வந்து கதவைத் தட்டுவதற்கு ஒருவர், அவரிடம் ஒரு மாற்றுச் சாவி. அது போதும் தொடங்க.

வீட்டில் இடம் அதிகம் என்றால் மேல்மாடியைப் படிக்கிற பெண்ணுக்கோ வேலைக்குப் போகிற பெண்ணுக்கோ குறைந்த வாடகைக்கு விடுவதும் ஒரு வழி. மேகி கூன் என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி, 65 வயது ஆகிவிட்டது என்று வேலையைவிட்டு அனுப்பியதும், 1970இல் முதியோர் உரிமைக்காக கிரே பேந்தர்ஸ் என்ற இயக்கத்தையே தொடங்கியவர், தன் வீட்டில் இளைஞர்களோடுதான் சேர்ந்து வாழ்ந்தார். இதையே எல்லோரும் செய்யட்டும் என்று பிரச்சாரமும் செய்தார். ஆனால் உதவிக்குப் பதில் வாடகைக் குறைப்பு என்றால் எத்தனை மணி நேரம், என்னென்ன உதவி என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அவள் உங்களுக்கு வேலைக்காரி, அல்லது நீங்கள் அவளுக்கு வார்டன்.

இப்போது மகன் வீடு. பிள்ளைகளோடு இருந்து நிம்மதியாக வாழும் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள், பிள்ளை வீடு என்றாலே கண்ணீர்க் கதை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. என் கேள்வி கணக்கு சம்பந்தப்பட்டது. உங்கள் வீட்டை விற்ற பணம் புது வீட்டுக்குள் போகிறது, பத்திரத்தில் உங்கள் பெயர் உண்டா? இல்லையென்றால் அது அன்பளிப்பு. நாளை அவருக்கு வேலை போகலாம், கடன் வரலாம், விவாகரத்து ஆகலாம், உங்களுக்கு முன்பே அவருக்கு ஏதாவது ஆகலாம் (இதைச் சொல்லக் கூடாது என்று நினைக்கிறோம், அதனால்தான் யாரும் எழுதிவைப்பதில்லை), அப்போது நல்ல பிள்ளை என்பது உங்களைக் காப்பாற்றாது, பத்திரம்தான் காப்பாற்றும். போட்ட பணத்துக்கு ஏற்ற பங்கு, அல்லது குறைந்தபட்சம் உயிரோடு இருக்கும்வரை அங்கே வசிக்கும் உரிமை. பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் இப்படி எழுத ஏதாவதொரு வழி இருக்கும், அவர்களுக்கு வேண்டியவராக இல்லாத உங்கள் சொந்த வக்கீலிடம் கேளுங்கள்.

பணத்துக்கு அப்பால் சின்ன விஷயங்கள் உண்டு, வாழ்க்கை முக்கால்வாசி அதில்தான் ஓடும். உங்கள் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டா? உங்களைப் பார்க்க வருகிறவரை எங்கே உட்காரவைப்பீர்கள்? யாரையும் வண்டி ஓட்டச் சொல்லாமல் நீங்களே நடந்து போக ஒரு கடை, ஒரு பூங்கா, ஒரு மருந்துக்கடை இருக்கிறதா? பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஆசையா, வேலையா, தினமும் எத்தனை மணி நேரம்? மகள் சொல்லும் ஆறு மாதக் கணக்கு மட்டும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இரண்டு வீட்டிலும் விருந்தாளியாக இருப்பதற்கான ஏற்பாடு அது, டாக்டர் மாறுவார், மருந்துச் சீட்டு மாறும், எதிர்வீட்டுக்காரி பெயர் மனதில் பதிவதற்குள் பெட்டி கட்ட வேண்டும்.

தோழிகள் திட்டத்துக்கு வருகிறேன். இதைப் படித்ததும் எனக்கே ஆசை வந்தது, அதனால்தான் இதில் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன். லண்டனில் ஹை பார்னெட் என்ற இடத்தில் 50 வயதைத் தாண்டிய பெண்கள் மட்டும் வாழும் குடியிருப்பு ஒன்று இருக்கிறது, 25 ஃபிளாட்டுகள், அதை நடத்துவதும் அவர்களேதான். 1998இல் பேசத் தொடங்கினார்கள், குடிவந்தது 2016 கடைசியில். பதினெட்டு வருடம்! நிலம், அனுமதி, பணம், ஒவ்வொன்றுக்கும் அலைச்சல். பிரான்ஸில் மோந்த்ரேய் என்ற ஊரில் தெரேஸ் க்ளேர் என்ற பெண்ணியவாதி முன்னின்று கட்டவைத்த 'பாபயாகா வீடு'ம் இப்படித்தான், யோசனை பிறந்து வருடக்கணக்கில் ஆனது. பாபயாகா என்றால் ருஷ்யக் கதைகளில் வரும் கிழட்டுச் சூனியக்காரி. இந்த மாதிரி குறும்பு உள்ள கிழவிகளோடு இருக்க எனக்குச் சம்மதம். வாட்ஸப்பில் பேசுவதை இன்னும் ஐந்து வருடம் பேசிக்கொண்டே இருந்தால் உங்களுக்கு 72 ஆகிவிடும், அதைத்தான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

லண்டன் பெண்களிடம் எனக்குப் பிடித்தது அவர்கள் எல்லையைத் தெளிவாகப் போட்டுவைத்திருப்பது. ஒவ்வொருவருக்கும் தனி ஃபிளாட், தனிச் சமையலறை, பொதுவில் ஒரு கூடமும் தோட்டமும். ஒருவர்மேல் ஒருவர் கண் வைத்திருப்பார்கள், ஆனால் நர்ஸ் வேலை பார்ப்பது அவர்கள் பொறுப்பு இல்லை, அதற்கு வெளியிலிருந்துதான் ஆள். நாலு பேர் ஒரே வீடு என்று நீங்கள் சொல்வதில் இந்த எல்லை இல்லை. ஒருத்திக்குப் பக்கவாதம் வந்தால் மற்ற மூன்று பேரும் என்ன செய்வீர்கள்? ஒருத்தி இறந்துபோனால் அவளுடைய பங்கு அவள் வாரிசுகளுக்குப் போகும், அவர்கள் வந்து எங்கள் பாகத்தை விற்றுக் கொடுங்கள் என்பார்கள், அப்போது யாரிடம் பணம் இருக்கும்? ஒருத்தியின் மகன் பத்து நாள் தங்க வந்து பத்து மாதம் இருந்தால் யார் போய்ச் சொல்வது? நாற்பது வருட நட்பு இதில் உடைந்தால் வீடும் போய்த் தோழியும் போய்விடுவாள். என் யோசனை, ஒரே வீடு வேண்டாம், ஒரே கட்டடம் போதும். தனித்தனியாக நாலு சின்ன ஃபிளாட், முதல் வருடம் வாடகைக்கு மட்டும். வாரத்தில் எத்தனை நாள் ஒன்றாகச் சாப்பிடுவது என்பதெல்லாம் தானாகவே படிந்துவிடும்.

பெண்கள் இப்படிச் சேர்ந்து இருப்பது இப்போது வந்த நாகரிகம் என்று யாராவது சிரித்தால் பெகின்களைப் பற்றிச் சொல்லுங்கள். இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பக்கம் 13ஆம் நூற்றாண்டிலேயே கன்னிகளும் விதவைகளும் சுவர் சூழ்ந்த குடியிருப்புகளில் சேர்ந்து வாழ்ந்து, சொந்தமாக உழைத்துச் சாப்பிட்டார்கள். மதப்பற்று உள்ளவர்கள்தான், ஆனால் கன்னியாஸ்திரீகள் போல ஆயுள்கால உறுதிமொழி கிடையாது, சொந்தச் சொத்து வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்று தோன்றினால் வெளியே போகலாம். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் அப்படிப்பட்ட 13 குடியிருப்புகளை யுனெஸ்கோ 1998இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கடைசி பெகின் இறந்தது 2013இல்தான். எழுநூறு, எண்ணூறு வருடம் நீடித்த ஏற்பாட்டில் வெளியே போகும் உரிமையும் இருந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தச் சிரிக்கும் புத்தகம். அதைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள், அதாவது ஒப்பந்தத்தை வாங்கி வெளியேறும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். வாங்குவது வீட்டையா, வெறும் வசிக்கும் உரிமையையா? கிளம்பினால் அல்லது இறந்தால் கட்டிய பணத்தில் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், மீதி எப்போது வரும், அடுத்த ஆள் வந்த பிறகுதான் என்றால் அதுவரை மாதக் கட்டணம் யார் கட்டுவது? கட்டணம் வருடா வருடம் ஏறுமா, ஏற்றுவது யார்? ராத்திரி இரண்டு மணிக்கு மணியடித்தால் வருவது நர்ஸா, வாட்ச்மேனா? மறதி நோய் வந்தால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, கூட்டிப்போய்விடுங்கள் என்பார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்துக்குப் போகாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போய், வேலை செய்கிறவர்களிடம் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று விசாரியுங்கள். எல்லோரும் மூன்று மாதத்துக்கு முன் வந்தவர்கள் என்றால் வாசலைப் பார்த்து நடந்துவிடலாம்.

வீட்டை அடமானமாக வைத்து மாதாமாதம் பணம் வாங்கும் திட்டங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது வந்து விற்பார்கள். கையில் வேறு பணம் இல்லாதவர்களுக்கு உதவும்தான், ஆனால் நீண்ட நாள் வெளியே போய்த் தங்கினால் கடன் முழுவதையும் திருப்பக் கேட்கும் நிபந்தனை இருக்கலாம், அதைத் தேடிப் படியுங்கள். ஜான் கால்மன் என்ற பிரெஞ்சுப் பாட்டி 1965இல், 90 வயதில், தன் காலத்துக்குப் பிறகு வீடு உங்களுக்கு, அதுவரை மாதாமாதம் பணம் எனக்கு என்று ஒரு வக்கீலிடம் எழுதிக்கொடுத்தார். முப்பது வருடம் கட்டிவிட்டு வக்கீல் 1995இல் போய்ச் சேர்ந்தார். பாட்டி 122 வயதுவரை இருந்தார், வக்கீல் குடும்பம் தொடர்ந்து கட்டியது. எல்லோருக்கும் இப்படி வாய்க்காது.

இன்னொரு காகித வேலையும் இருக்கிறது. உங்களால் முடியாதபோது உங்களுக்காகக் கையெழுத்துப் போடுவது யார்? பல இடங்களில் சாதாரணப் பவர் பத்திரம், எழுதிக்கொடுத்தவர் நினைவு தவறியதும் செல்லாமல் போய்விடும், அதாவது தேவைப்படும் நேரத்தில் உதவாது. உங்கள் ஊர்ச் சட்டத்தில் அதற்கு மாற்று என்ன என்று அதே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள், மகனுக்கும் மகளுக்கும் தெரியும்படி செய்யுங்கள்.

மகனிடம் என்ன சொல்வது என்றுதானே கேட்டீர்கள். மூன்று மாதம் வந்து இருக்கிறேன், ஆனால் வீட்டை இப்போது விற்கவில்லை, பூட்டிவைக்கிறேன் என்று சொல்லுங்கள். பெரிய வீடு வேண்டுமென்றால் அவர் சக்திக்கு எட்டியதை அவர் வாங்கட்டும், உங்கள் பணம் அதில் சேர்வதைப் பற்றி அந்த மூன்று மாதம் முடிந்த பிறகு, பத்திரத்தோடு பேசலாம். நல்ல பையன் என்கிறீர்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் விற்பதற்கு முன்பே தெரிவது நல்லதுதான். அப்புறம், அடுத்த மாதம் வருகிறவரைச் சும்மா உட்காரவிடாதீர்கள், மேலே இருக்கும் கட்டிலைக் கீழே இறக்க இரண்டு ஆள் வேண்டும்.

அன்புடன்,
அக்கா