தள்ளுபடியில் வரும் மேட்ரிக்ஸ் டிஜிட்டல் தொகுப்பை வாங்கலாமா?

மேட்ரிக்ஸ் படங்களின் டிஜிட்டல் தொகுப்பு பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் 1999-இல் ஒன்று, 2003-இல் இரண்டு, 2021-இல் ஒன்று என இத்தொடரில் நான்கு படங்கள் உள்ளதால், ‘டிரிலஜி’ (மூன்று படத் தொகுப்பு) என்று போட்டிருந்தால் நான்காவது அதில் இராது. தமிழ் ஒலி உண்டா என்பதையும் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது, நீங்கள் காசு கொடுப்பது படத்துக்கு அன்று, அதைப் பார்க்கும் உரிமத்துக்கு என்பதுதான். விற்பவருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால், வாங்கிய படமே உங்கள் கணக்கிலிருந்து போய்விடக்கூடும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சோனியின் பிளேஸ்டேஷன் இணையக் கடையில் வாங்கியவர்கள் 2022-இல் ‘ஸ்டுடியோகனால்’ (StudioCanal) என்ற பட நிறுவனத்தின் படங்களை அப்படித்தான் இழந்தார்கள். இது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

ஆகவே தரவிறக்க வசதியுள்ள கடையில் வாங்கி, உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இணையம் அறுந்துபோகும் நம் டெல்டாவில், 2018-இன் கஜா புயலில் பல நாள் மின்சாரமின்றி இருந்த ஊர்களில், இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் இறக்கிய கோப்பு பெரும்பாலும் அந்தக் கடையின் செயலிக்குள்தான் ஓடும். யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதபடி வேண்டுமென்றால், சற்றுக் கூடுதல் விலையானாலும் புளூரே வட்டையே வாங்குங்கள்.