பூட்டனின் ஊர் எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். அப்பப்பாவின் ஊர் யாழ்ப்பாணம் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அப்பாவும் போய்விட்டார். அம்மம்மாவுக்கு 86 வயது. குடும்ப வரலாற்றை எழுதி வைக்க ஆசை, எங்கே தொடங்குவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மம்மாவிடம், இன்றைக்கே. என்னுடைய அம்மம்மாவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அடுத்த விடுமுறைக்குப் போகும்போது கேட்கலாம் என்று இரண்டு வருடம் தள்ளிப் போட்டேன், அந்த விடுமுறைக்கு முன்னமே அவர் போய்விட்டார், இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "உங்கட அப்பாவுக்கு அப்பா பெயர் என்ன" என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வந்து பேச்சு நின்றுவிடும். சின்ன வயதில் இருந்த வளவுக்கு என்ன பெயர், ஊருக்குள் எந்தக் குறிச்சி (பகுதி), எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போவீர்கள், கிணறு யாரோடு பங்கு என்று கேட்டுப் பாருங்கள். பங்குக் கிணறு என்றால் அனேகமாகச் சகோதரங்கள் பிரித்துக்கொண்ட காணி, அங்கேயே நாலைந்து பெயர் கிடைத்துவிடும்.

வருடத்தையும் நேராகக் கேட்காதீர்கள். 1942 ஏப்ரலில் கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்டபோது மூத்த அண்ணன் பள்ளிக்கூடம் போனாரா, 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன்னமா கலியாணம், பின்னமா? இப்படிக் கேட்டால் கணக்குச் சரியாக வரும்.

அப்புறம் உங்கள் சொந்தப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பாடசாலை, அடையாள அட்டை, பாஸ்போர்ட் என்று எத்தனையோ தடவை கொண்டுபோய்க் காட்டியிருப்பீர்கள், முழுக்க வாசித்திருக்க மாட்டீர்கள். தந்தையின் பிறந்த திகதியும் இடமும் இருக்கும், அதோடு பாட்டன் இலங்கையில் பிறந்தவர் என்றால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடும் (கட்டமும்) இருக்கும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை வழியில் யார் இங்கே பிறந்தார் என்று நிரூபிக்கச் சொன்னது, அந்தக் கேள்விதான் பத்திரத்திலும் இருக்கிறது. எத்தனையோ பேரை நாடற்றவர்களாக்கிய சட்டம் அது. ஆனாலும் அந்தக் கூட்டை நிரப்பியிருந்தால் உங்களுக்கு அப்பப்பாவின் ஊர் கிடைத்துவிடும். அப்பாவின் பத்திரத்தைப் பிரதி எடுத்து, அதிலும் அந்தக் கூடு இருந்தால் பூட்டன் (அப்பப்பாவின் அப்பா) வரைக்கும் போகலாம்.

இந்த நாட்டில் பதிவுகள் எல்லாம் இடத்தை வைத்துத்தான் இருக்கின்றன. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு பிரிவு பிரிவாக, காணிப் பதிவு மாவட்டம் மாவட்டமாக, ஞானஸ்நானப் பதிவு தேவாலயப் பங்கு பங்காக. "யாழ்ப்பாணம்" என்ற ஒரு சொல்லோடு கந்தோருக்குப் போனால் வெறுங்கையோடு வர வேண்டியதுதான். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1867இல் வந்தது, அதனால் பூட்டன் காலம் வரை தேடிப் பார்க்க வழி இருக்கிறது, ஆனால் குறிச்சி தெரிய வேண்டும், ஆண்டு கிட்டத்தட்டவாவது தெரிய வேண்டும்.

தாய்வழிக்குக் காணி உறுதிகளைத்தான் (காணிப் பத்திரங்களைத்தான்) நம்ப வேண்டும். பிறப்புப் பத்திரம் ஆண் வழியிலேயே மேலே போகும். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம் (மகளுக்குக் கலியாணத்தில் கொடுத்தது), தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது) என்று சொத்தைப் பிரிக்கிறது. சீதன உறுதியில் தாயும் தகப்பனும் மகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். தாய்க்கு அது எப்படி வந்தது, முந்திய உறுதியின் இலக்கம், வருடம், எழுதிய நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்ட அலுவலர்) யார் என்று அதிலேயே இருக்கும். அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு முந்திய உறுதி, அதற்கும் முந்தியது என்று ஏறலாம். நாலு எல்லைகளையும் விடாமல் எழுதி வையுங்கள், வடக்கெல்லைக்காரர் அம்மம்மாவின் பெரியம்மாவாக இருக்கலாம். இடம்பெயர்வில் உறுதி தொலைந்துபோயிருந்தாலும் மனம் உடையாதீர்கள், நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு ஒரு பிரதி அனுப்புவது சட்டம், அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

உறவுக்காரர் வீட்டு அலுமாரிகளில் இறந்தவர்களின் 31ஆம் நாளுக்கு அச்சிட்ட கல்வெட்டுகள் (நினைவு மலர்கள்) கிடக்கும், அதையும் கேளுங்கள். பல கல்வெட்டுகளில் வம்சாவளியே அச்சிட்டிருப்பார்கள். நூலகம் இணையத் தளத்திலும் நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன, காசு கட்டத் தேவையில்லை.

கேள்வி: அப்பாவின் பெயர் மூன்று பத்திரத்தில் மூன்று விதமாக இருக்கிறது. எது சரி?
– வாசகர், தெஹிவளை

பதில்: மூன்றையும் அப்படியே, எந்தப் பத்திரத்தில் எப்படி இருந்தது என்பதோடு எழுதி வையுங்கள், திருத்த வேண்டாம். வீட்டுப் பெயர், பதிவுப் பெயர், ஞானஸ்நானப் பெயர் என்று ஒருவருக்கே பல பெயர் நம்மிடம் வழக்கம். முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும், பெண்களுக்குக் கலியாணத்தோடும் மாறும், ஆங்கிலத்தில் எழுதிய கிளார்க் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். ஊர், வயது, மனைவி பெயர் மூன்றும் ஒத்துப்போனால் அவர்தான். பழைய 9 இலக்க அடையாள அட்டை இருந்தால் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது (பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணியிருக்கும், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும்). ஆனால் பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் உத்தேச வயதுப் பத்திரத்தை வைத்து எடுத்த அட்டை என்றால் அந்தத் திகதியை முழுக்க நம்ப முடியாது.

கேள்வி: எச்சில் எடுத்து அனுப்பும் டிஎன்ஏ சோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: தெரியாது. அதே கம்பனியில் சோதித்த தூரத்துச் சொந்தங்களைக் காட்டும், பூட்டனின் பெயரைச் சொல்லாது. முதலில் பத்திரங்களைச் சேருங்கள்.

கேள்வி: தாத்தா ஹற்றன் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வேலைக்கு வந்தவர். இந்தியாவில் எந்த ஊர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உண்டு, ஆனால் தேட வேண்டியது தாத்தாவின் பெயரை மட்டுமல்ல. தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவந்து வேலை வாங்கிய கங்காணிமார் பெரும்பாலும் தங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும்தான், சொந்தக்காரர்களாகவே ஆள் திரட்டினார்கள். ஆகவே அந்தத் தோட்டத்துக்குப் போய், அதே லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) பக்கத்து லயத்திலும் இருந்த பழைய குடும்பங்கள் தங்களை எந்த ஊர் என்கிறார்கள், பெரிய கங்காணி எந்த ஊர்க்காரர் என்று விசாரியுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஊர் தெரிந்தாலும் தேட ஒரு இடம் கிடைத்துவிடும்.

அடுத்தது குலதெய்வம். ஊர்ப் பெயரை மறந்தவர்கள்கூட சாமி பெயரை மறக்கவில்லை. பாட்டி யாருக்குப் பொங்கல் வைத்தார், பிள்ளைக்கு முதல் முடி யாருக்கு நேர்ந்து இறக்கினார், பங்காளிகள் யார் யார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். கருப்பசாமி, மாரியம்மன் என்றால் எங்கும் இருக்கும், அந்தப் பெயரோடு ஒட்டிவரும் ஊரோ மலையோ ஆறோதான் உங்களுக்கு வேண்டும்.

பிறகு காகிதங்கள். 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்ட விண்ணப்பத்தின் பிரதி, இந்தியக் கடவுச்சீட்டு, 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு இந்தியாவுக்குப் போனவர்களின் குடும்ப அட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று யாரிடமாவது இருக்கும். தாத்தாவின் அண்ணன் தம்பிகள் நீலகிரிப் பக்கம் போயிருந்தால் அவர்கள் பிள்ளைகளைத் தேடிப் பேசுங்கள், இங்கே தொலைந்தது அங்கே ஒரு தகரப் பெட்டியில் இருக்கலாம். "திருச்சி ஜில்லா", "சேலம் ஜில்லா" என்று இருந்தால் இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடிவிடாதீர்கள். கரூரும் பெரம்பலூரும் 1995 வரை திருச்சிக்குள் இருந்தவை, நாமக்கல் 1997 வரை சேலத்துக்குள். தாலுகா பெயர்தான் முக்கியம்.

தோட்டத்துக்குப் போகும்போது தாத்தாவின் பழைய படம் ஒன்றை அச்செடுத்துக் கொண்டு போங்கள். போன் திரையில் காட்டினால் வயதானவர்களுக்குத் தெரிவதில்லை, கையில் கொடுத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள்.