வாசக்கதவு வந்ததும் முட்டுதா?

கேள்வி: வயசு 41, பெண். ஆபீஸ்ல மூணு மணி நேரம் கூட யூரின் தாங்குது, ஆனா வீட்டுக்கு வந்து பூட்டுல சாவி போட்டதும் அடக்கவே முடியல, சிலசமயம் துணி நனைஞ்சிடுது. சுகர், யூரின் டெஸ்ட் எல்லாம் நார்மல். மனப்பிரமையா டாக்டர்?

பதில்: பிரமை எல்லாம் இல்லீங்க. அந்த நேரத்துல உங்க சிறுநீர்ப்பை நிஜமாவே சுருங்குது, ஆனா அதைக் கிளப்பி விடறது உள்ள இருக்கற யூரின் அளவு இல்ல, உங்க வாசக்கதவு. கொழந்தைய கால்ல உக்கார வச்சு "ஸ்ஸ்ஸ்"னு சத்தம் குடுத்து ஒண்ணுக்குப் போக வைப்பாங்களே, அதே பழக்கம்தான் இதுவும். தெனமும் செருப்பக் கழட்டுன கையோட பாத்ரூமுக்கு ஓடி ஓடி, சாவி போட்டா அடுத்து பாத்ரூம்தான்னு மூளை மனப்பாடம் பண்ணிடுச்சு. குழாய்ல தண்ணி விழற சத்தம் கேட்டா பலபேருக்கு முட்டுறதும் இப்படித்தான்.

பெரியவங்களுக்கு சிறுநீர்ப்பை சாதாரணமா 300ல இருந்து 500 மில்லி வரைக்கும் தாங்கும், ஆனா 150, 200லயே லேசா வர்ற மாதிரி தெரிய ஆரம்பிச்சிடும், அப்போ "இப்ப வேணாம், இரு"ன்னு நிறுத்தி வைக்கறது நெத்திக்குப் பின்னாடி இருக்கற மூளைப் பகுதி. வீடு வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் அந்தப் பிடி தளர்ந்துடுது. இன்னொண்ணும் கேட்டுக்கறேன், கிளம்பறதுக்கு முன்னாடி எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடுவோம்னு வராதப்பவும் போவீங்களா? நம்ம பஸ் ஸ்டாண்டு கழிப்பறைய நெனச்சா யார்தான் போக மாட்டாங்க, தூரப் பயணத்துக்கு பரவால்ல, ஆனா நாள் முழுக்க அதையே செஞ்சா கொஞ்சம் நிரம்புனாலே காலி பண்ணணும்னு அது பழகிக்கும்.

இனிமே முட்டுனா ஓடாதீங்க, ஓடுனா இன்னும் ஜாஸ்திதான் ஆகும். அங்கேயே நில்லுங்க, திண்ணையோ படியோ இருந்தா உக்காருங்க. யூரின அடக்குறப்ப இறுக்குவோமே அந்தத் தசைய டக் டக்னு அஞ்சாறு தடவை இறுக்கி விடுங்க, அப்படி செஞ்சா சிறுநீர்ப்பைத் தசை தளர்ந்து குடுக்கும். கூடவே 100ல இருந்து ஏழு ஏழா கழிச்சு மனசுக்குள்ள எண்ணுங்க. அந்த அவசரம் ஏறி உச்சிக்குப் போயி தானா இறங்கும், இறங்குனதும் மெதுவா நடந்து போங்க. கொஞ்சம் கைவந்ததும் வீட்டுக்குள்ள வந்து ஃபேன் போட்டு 5 நிமிஷம் கழிச்சு போங்க, அப்புறம் 10, 15னு தள்ளிக்கிட்டே போங்க. ஒரே வாரத்துல சரியாகல்லன்னு விட்டுடாதீங்க, ஆறு வாரமாச்சும் வேணும்.

பயந்துக்கிட்டு தண்ணிய மட்டும் குறைச்சிடாதீங்க, கெட்டியான யூரின் இன்னும் உறுத்தும். குறைக்கணும்னா சாயங்கால காபிய குறைங்க.

யூரின்ல ரத்தமோ எரிச்சலோ ஜுரமோ வந்தா மறுபடி டாக்டர பாருங்க. தொடை இடுக்குல திடீர்னு மரத்துப்போச்சு, காலு வலு இல்லன்னா அது பழக்க சமாச்சாரமே இல்ல, அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடணும்.