சிகாகோவிலிருந்து யெல்லோஸ்டோனுக்குக் காரில் போகும் வழியில் தெற்கு டகோட்டாவின் கஸ்டர் ஸ்டேட் பார்க்கில் மலையேறலாமா, ரஷ்மோர் மட்டும் பார்த்தால் போதுமா?

கண்டிப்பாக ஏறுங்கள். ஜூலையில், எட்டு வயது மகளோடும் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடும் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்தே சொல்கிறேன். ரஷ்மோருக்கு இரண்டு மணி நேரம் தாராளம், கஸ்டருக்கு இரண்டு இரவு ஒதுக்குங்கள். சிகாகோவிலிருந்து ஏறக்குறைய 900 மைல் சோளக்காட்டையும் புல்வெளியையும் பார்த்துக்கொண்டே வந்துவிட்டு, ரஷ்மோர் மலையில் செதுக்கிய நான்கு அமெரிக்க ஜனாதிபதிகளின் முகத்தோடு ஒரு போட்டோ எடுத்த கையோடு வயோமிங் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுபவர்கள்தான் நம் ஆட்களில் அதிகம். எனக்கு அது மனசே ஆறாது.

ஏற வேண்டியது பிளாக் எல்க் சிகரம். 7,242 அடி, தெற்கு டகோட்டாவிலேயே உயரமான இடம். கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம்தான், மூச்சுத் திணறுமோ என்று பயப்பட வேண்டாம். பாதை தொடங்கும் சில்வன் ஏரியே ஆறாயிரம் அடிக்கு மேல் இருப்பதால் நீங்கள் ஏறப்போவது சுமார் 1,100 அடி. 9ஆம் நம்பர் டிரெயிலில் போய்வர ஏழு மைல், குழந்தையோடு நாலைந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பைன் காடு, அப்புறம் மரங்கள் விலகும் இடங்களில் எல்லாம் ஊசி ஊசியாகக் கருங்கல் தூண்கள். அந்தக் கல்லுக்கு வயது 170 கோடி ஆண்டுக்கு மேல். பாதை முழுக்கக் காக்காப்பொன் சிதறிக் கிடக்கும், வெயில் பட்டால் மண்ணே மினுங்கும். எங்கள் பையன் அதைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே களைப்பு தெரியாமல் நடந்துவிட்டான். கடைசிப் பகுதிதான் செங்குத்து. உச்சியில் 1930களில் கட்டிய கல் கோபுரம் இருக்கிறது, காட்டுத்தீயைக் கண்காணிக்கக் கட்டியது. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து பக்கத்து மாநிலங்கள் வரை தெரியும்.

வழியில் மரக்கிளைகளில் கலர் துணிகள் கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான லக்கோட்டா மக்கள் பிரார்த்தனைக்காகக் கட்டியவை, தொடக் கூடாது, அவிழ்க்கக் கூடாது என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர்களுக்கு இது புனித மலை. 1868 ஒப்பந்தத்தில் இந்த மலைப்பகுதி அவர்களுக்கே என்று எழுதிக்கொடுத்த அரசு, 1874இல் கஸ்டர் என்ற ராணுவ அதிகாரி கொண்டுவந்த படை தங்கம் இருப்பதாகச் சொன்னதும் 1877இல் அதைப் பிடுங்கிக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தும் அவர்கள் பணத்தைத் தொடவில்லை, நிலம்தான் வேண்டும் என்கிறார்கள். சிகரத்துக்கும் 2016 வரை ஹார்னி என்ற ராணுவத் தளபதியின் பெயர்தான், 1855இல் லக்கோட்டா பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொன்ற படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். இப்போது அவர்களுடைய ஞானி பிளாக் எல்க்கின் பெயர் வந்துவிட்டது, பார்க் மட்டும் இன்னும் கஸ்டர் பெயரில். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஏறுங்கள், பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

நேரம் ரொம்ப முக்கியம். ஜூலையில் காலை வானம் நீலமாக இருக்கும், மதியம் பார்த்தால் எங்கிருந்தோ மேகம் திரண்டு இடி, மின்னல், சில நாள் ஆலங்கட்டி. உச்சியில் அந்தக் கோபுரத்தை விட்டால் வெறும் பாறை, மின்னலுக்குப் பாதுகாப்பாக ஒதுங்க இடமில்லை. ஆறரை ஏழுக்கே கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள், பார்க்கிங்கும் அப்போதுதான் கிடைக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு மழைக்கோட்டு. பாதி வழியில் ஒரு பெட்டியில் இலவச அனுமதிச் சீட்டு வைத்திருப்பார்கள், நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அப்பா அம்மாவுக்கு மலை வேண்டாம் என்றால் சில்வன் ஏரியைச் சுற்றி ஒரு மைல் பாதை இருக்கிறது, பெரும்பாலும் சமதளம், அணைப் பக்கம் மட்டும் பாறைப் படி. மாலையில் எல்லோருமாக 18 மைல் வைல்ட்லைஃப் லூப் சாலையில் போங்கள். 1914இல் 36 பைசன்களை, அதாவது அமெரிக்கக் காட்டெருமைகளை, வாங்கிவந்து இங்கே விட்டார்கள், இன்று ஆயிரத்துக்கு மேல். கார் கதவை உரசுவதுபோல வந்து நிற்கும், சாது மாதிரித் தெரிந்தாலும் குதிரை வேகத்தில் பாயக்கூடியது, போட்டோவுக்காகக்கூட இறங்காதீர்கள்.

யெல்லோஸ்டோனுக்காக நேஷனல் பார்க் பாஸ் வாங்கியிருப்பீர்கள், அது இங்கே செல்லாது, தனியாக நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும். பார்க்குக்குள் போகும் நீடில்ஸ் ஹைவே என்ற மலைச்சாலையில் ஒரு குகைப்பாதையின் அகலம் எட்டு அடிதான், வாடகைக்குப் பெரிய வேன் எடுப்பதாக இருந்தால் கண்ணாடியோடு சேர்த்து அகலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்குக்குள் பல இடங்களில் போன் சிக்னல் கிடையாது, மேப்பை முந்தின நாளே டவுன்லோடு செய்துவிடுங்கள்.