மனித வாழ்க்கைக்கு அர்த்தம் தருவது எது?

வேலை, வருமானம், குடும்பம் எல்லாம் இருந்தும் வெறுமையாக இருக்கிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதற்கான பதில் என் பாட்டியிடமிருந்து கிடைத்தது.

எண்பது வயதில் அவருக்குப் பார்வை மங்கியது. "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் பாட்டி, சும்மா உட்காருங்க" என்று எல்லோரும் சொன்னோம். பாசத்தில்தான் சொன்னோம். சில மாதங்களில் பேச்சு குறைந்து, பகலெல்லாம் படுத்தே கிடந்தார். "நான் எதுக்கு இன்னும் இருக்கேன்?" என்று ஒருநாள் கேட்டார். யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு ஒரு அவசரமான காலையில், என் தங்கை துவைத்த துணிகளை அவர் மடியில் போட்டு, "மடிச்சு வைங்க பாட்டி, எனக்கு நேரமாச்சு" என்று ஓடிவிட்டாள். அன்று முதல் அது பாட்டியின் வேலை. காலரைத் தடவியே யாருடைய சட்டை என்று சொல்வார். "உன் சட்டையில பட்டன் ஆடுது, தைக்கச் சொல்லு" என்பார். குரலில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது.

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் செய்து 1976இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னாளில் படித்தபோது பாட்டிதான் நினைவுக்கு வந்தார். ஒரு பிரிவினரிடம் செடி கொடுத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தங்கள் அன்றாட விஷயங்கள் சிலவற்றையும் அவர்களே முடிவு செய்யலாம் என்றார்கள். இன்னொரு பிரிவினருக்கும் செடி உண்டு, ஆனால் தண்ணீர் ஊற்றுவது நர்ஸ். மூன்று வாரங்களில் முதல் பிரிவினரிடம் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கூடியிருந்தன.

நாங்கள் பாட்டிக்குச் செய்தது இரண்டாவது வகை அன்பு. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நம்மை நம்பி ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்ற உணர்வுதான் அர்த்தம் என்று நான் நம்புகிறேன். அது மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நாஜி வதைமுகாமில் தன் கையெழுத்துப் பிரதியைப் பறிகொடுத்த மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல், காய்ச்சலில் கிடந்தபோதும் துண்டுக் காகிதங்களில் அதை மறுபடி குறித்துக்கொண்டிருந்தார். அவருக்காகக் காத்திருந்தது ஒரு நூல்.

அப்படியானால் எதுவும் செய்ய முடியாமல் படுத்துவிட்டவருக்கு? கடைசி நாட்களில் பாட்டியின் கைகளும் ஓய்ந்துவிட்டன. அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று கேட்பேன். அதைச் சொல்ல உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை. அது அவருக்கும் தெரியும். மூச்சு வாங்க வாங்கச் சொல்வார். நான் எழுந்தால், "இரு, இன்னும் முடியல" என்பார்.