காத்மாண்டு போராட்ட நாட்களில் மாட்டிக்கொண்டவனிடம் கேளுங்க

நான் திருப்பூர், பனியன் கம்பெனியில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவேன். 2025 செப்டம்பர் 6 அன்று நேபாளத் தலைநகர் காத்மாண்டு போய் இறங்கினேன். 8ஆம் தேதி நடந்த இளைஞர் போராட்டத்தில் 19 பேர் இறந்தார்கள். மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார், விமான நிலையத்தையும் மூடிவிட்டார்கள். நான் ஊர் வந்து சேர்ந்தது 13ஆம் தேதி. அதைப் பற்றி நம்மாளுங்க கேட்டதும் என் பதிலும் இங்கே.

பொள்ளாச்சியிலிருந்து: ஏனுங்கண்ணா, கிளம்பும்போதே பிரச்சினை தெரியலீங்களா?

தெரிந்தது, ஆனால் அதன் கனம் புரியவில்லை. செப்டம்பர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் உட்பட 26 தளங்களை அரசு தடை செய்தது. அதைப் படித்துவிட்டு, போன் பேச முடிந்தால் போதும் என்று கிளம்பிவிட்டேன். அங்கே போய் டீக்கடையில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது, தடை கடைசித் துரும்பு மட்டும்தான். ஊழல், வேலையில்லாத் திண்டாட்டம், ஊரில் பிழைக்க வழியில்லாமல் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகிற பிள்ளைகள், அதே சமயம் அரசியல்வாதிகளின் வாரிசுகள் இணையத்தில் காட்டிய சொகுசு வாழ்க்கை என்று எல்லாம் சேர்ந்து வெந்துகொண்டிருந்தது. போகிற ஊர்ச் செய்தியை ஒரு வாரம் முன்பிருந்தே படியுங்கள். நான் படித்தது ஒரே ஒரு நாள்.

ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா: வீட்டுக்கு எப்படிப்பா தகவல் சொன்னே?

சாதாரண போன்தான் அம்மா. போனதுமே உள்ளூர் சிம் வாங்கி அந்த நம்பரை வீட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். 8ஆம் தேதி இரவே தடையை நீக்கிவிட்டார்கள், இருந்தாலும் காலை 8, இரவு 8 என்று நேரம் வைத்துப் பேசினோம். அந்த நேரம் வரைக்கும் டிவி பார்த்துப் பதற வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னது ரொம்ப உதவியது. உங்க பிள்ளைகள் வெளியூர் போனாலும் இப்படி நேரம் பேசிக்கொள்ளுங்கள்.

கோபியிலிருந்து: பணம், சாப்பாடெல்லாம்?

நம்ம யுபிஐ அங்கே பல கடைகளில் கியூஆர் மூலம் வேலை செய்யும். ஆனால் ஷட்டரே இறங்கிவிட்டால் எதை ஸ்கேன் பண்ணுவது? நம்ம 100 ரூபாய் அங்கே 160 ரூபாய். கையில் இந்திய நூறு ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் இருந்ததால் சமாளித்தேன். ஊரடங்கை இடையில் சில மணி நேரம் தளர்த்தினபோது பிஸ்கட்டும் வாழைப்பழமும் வாங்கினேன். நான் தங்கியிருந்த விடுதிக்கார அக்கா தால்பாத் (பருப்பும் சோறும்) சமைத்து எல்லோருக்கும் போட்டார். நான் அம்மா கட்டிக்கொடுத்த கடலை உருண்டையை எடுத்து வைத்தேன், அங்கிருந்த குழந்தைகள் அன்றைக்கே காலி செய்துவிட்டார்கள்.

கோவையிலிருந்து ஒரு காலேஜ் தம்பி: கூட்டத்துக்குள்ள போய் வீடியோ எடுத்தீங்களாண்ணா?

இல்லை தம்பி. நீயும் எடுக்காதே, இதை உன்னிடம் கெஞ்சியே கேட்கிறேன். 8ஆம் தேதி காலை காத்மாண்டுவின் மைதிகர் பகுதியில் கூடியவர்களில் பள்ளி யூனிஃபார்மில் வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். மதியம் நியூ பானேஷ்வரில் பாராளுமன்றம் முன்னால் துப்பாக்கிச் சூடு. நான் பக்கத்து ஊரான பாட்டனில் கோயில் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைக்காரர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி, திரும்பிப் போய்விடு என்றார். மறுநாள் அரசுச் செயலகமான சிங்க தர்பாரே எரிந்தது. தமேல் பகுதியில் எங்கள் விடுதி மொட்டை மாடியிலிருந்து கரும்புகை தெரிந்தது. அன்றிரவு ராணுவம் இறங்கியது.

வீடியோவில் விழுகிற ஒரு முகம் அந்தப் பையனை ஜெயிலுக்கு அனுப்பலாம். உன்னையும் வெளிநாட்டு ஆள் தூண்டிவிட்டான் என்று பிடிக்கலாம், நாடு கடத்தலாம். நம்ம ஊர்க் கடையடைப்பு மாதிரி, மாலையில் எல்லாம் திறந்துவிடும் என்று அங்கே நினைக்கவே கூடாது.

தாராபுரத்திலிருந்து: பயணக் காப்பீட்டில் பணம் கிடைத்ததுங்களா?

எனக்குக் கிடைக்கவில்லை. கலவரம், உள்நாட்டுக் குழப்பம் என்றால் கிடையாது என்று பாலிசியில் சின்ன எழுத்தில் இருந்தது. வாங்குமுன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

பல்லடத்திலிருந்து: தூதரகம் போனீங்களா? என்ன ஆவணம் வேணுமுங்க?

இந்தியத் தூதரகம் தமேலுக்குப் பக்கத்தில் லைன்சவுரில்தான் இருக்கிறது, ஆனால் ஊரடங்கில் நடந்து போக முடியாது. உதவி எண்ணுக்கு போன் போட்டு விவரம் சொன்னேன், அறையிலேயே இருங்கள் என்றார்கள். நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் செல்லாது. நகலை வேறு பையில் வையுங்கள்.

அவிநாசியிலிருந்து: விமான நிலையம் திறந்ததும் உடனே வந்துட்டீங்களா?

10ஆம் தேதி சாயந்திரமே விமான நிலையம் திறந்தது. ஆனால் அங்கே ஒரே கூட்டம் என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் பொறுத்தேன். 12ஆம் தேதி இரவு முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றார், அந்த நாட்டின் முதல் பெண் பிரதமர். விடுதி ஹாலில் எல்லோரும் ஒரே போனில் பார்த்தோம். மறுநாள் டெல்லி வழியாக வந்துவிட்டேன்.

சென்னிமலையிலிருந்து: அந்த விடுதிக்கார அக்காகிட்டப் பேசறீங்களாண்ணா?

பேசுகிறேன். அவருடைய தங்கை மகன் 8ஆம் தேதி கூட்டத்துக்குப் போய்க் காலில் அடிபட்டு வந்தவன். தீபாவளிக்கு அவர்கள் திஹார் என்பார்கள், அன்றைக்குக் கூப்பிட்டேன். கோல் இல்லாமல் நடக்கிறான் என்றார். அவனுடைய வகுப்பில் படித்த ஒரு பையன் திரும்பி வரவில்லை, அந்த வீட்டில் இந்த வருஷம் விளக்கு ஏற்றவில்லை என்றும் சொன்னார்.